வீட்டில் கட்டும் ஸ்போர்ட்ஸ் கார்: இன்ஜினை எந்த உயரத்தில் உட்கார வைப்பது?

பிரிட்டனில் வீட்டு கராஜில் கார் கட்டுகிறவர்கள் பலரும் தேர்ந்தெடுப்பது ஒரே வடிவத்தைத்தான். காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த லோட்டஸ் செவன். நீண்ட மூக்கு, திறந்த சக்கரங்கள், இரண்டே இருக்கைகள். 1973-ல் லோட்டஸ் அதன் உரிமையைக் கேட்டர்ஹாமிடம் கொடுத்துவிட்டது. அந்த உருவத்தையே 25 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் வெல்டு செய்து, பழைய ஃபோர்டு எஸ்கார்ட், சியரா, மாஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற கார்களின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் உள்ளே வைத்துக் கட்டுவதற்கு லோகாஸ்ட் என்று பெயர். கட்டி முடித்தால் எடை ஐந்நூற்றுச் சொச்சம் கிலோவிலிருந்து அறுநூறு கிலோவுக்குள் நிற்கும்.

இந்தியாவில் சொந்தமாகக் கட்டிய காருக்குப் பதிவு எண் வாங்குவது நடைமுறையில் ஆகாத காரியம். பிரிட்டனில் ஐ.வி.ஏ. என்ற தனி வாகனச் சோதனையில் தேறினால் சாலையில் ஓட்டலாம். அதனால் இங்கே வரும் கணக்குகள் அங்கே கட்டப்படும் செவன் வகைக் கார்களை வைத்துத்தான். ஆனாலும் கோவை கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டும் மாணவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இது. காரின் எலும்புக்கூடான சேஸியை முழுதாக வெல்டு செய்து முடிப்பார்கள். அப்புறம் இன்ஜினைத் தூக்கி உள்ளே இறக்கி, பானட் மூடுகிற உயரத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுன்ட் பிராக்கெட்டை வெல்டு வைப்பார்கள். சக்கரம் மாட்டித் தரையில் இறக்கிய பிறகுதான் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப் தரையைத் தொடாத குறையாக நிற்பது தெரியும். வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். கணக்கு தரையில் தொடங்கி மேலே போக வேண்டும். மவுன்ட் கடைசியில்தான் வரும்.

முதல் படி: தரைக்கோடு

சமமான தரையில் சேஸியை நாலு ஸ்டாண்டில் வையுங்கள். ஓடும்போது அது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் இருக்க வேண்டும். சாலையில் ஓட்டும் செவன் வகைக் காருக்குச் சேஸியின் அடிக்குழாய் தரையிலிருந்து 110 முதல் 130 மி.மீ. வரை இருந்தால் நல்ல தொடக்கம். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 10, 15 மி.மீ. தாழ்ந்திருக்கலாம்.

உயரத்தை முடிவு செய்யும் முன் டயர் அளவை முடிவு செய்துவிடுங்கள். 185/60 ஆர்13 டயரின் ஆரம் கணக்குப்படி 276 மி.மீ. அதே அகலம், அதே உயர விகிதத்தில் 14 அங்குல வீலுக்குப் போனால் 289 மி.மீ. கார் 13 மி.மீ. மேலே போய்விடும். அழகுக்காகப் பின்னால் வீல் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால் இதுவரை போட்ட கணக்கெல்லாம் வீண்.

சரி, சம்ப்புக்கும் தரைக்கும் எவ்வளவு வேண்டும்? என் கணக்கில் சாலைக் காருக்கு 100 மி.மீ.; அதற்குக் கீழே போக வேண்டாம். பிரிட்டனின் 1999-ஆம் ஆண்டு வேகத்தடை விதிகளின்படி வேகத்தடையின் உயரம் 25 மி.மீ.-லிருந்து 100 மி.மீ. வரை இருக்கலாம். ‘தடையும் 100, சம்ப்பும் 100, எப்படித் தாண்டும்?’ என்று தோன்றும். முன்சக்கரம் தடைமேல் ஏறும்போது காரின் மூக்கும் சேர்ந்து ஏறுவதால் அங்கே பிரச்சினை இல்லை. செவனில் சம்ப் இருப்பது முன் ஆக்ஸிலுக்குச் சற்றுப் பின்னால். முன்சக்கரம் தடையின் மறுபக்கம் இறங்குகிற அந்த நொடியில் சம்ப் இன்னும் தடையின் முதுகுக்கு மேலேதான் இருக்கும். இறங்குகிற வேகத்தில் முன் ஸ்பிரிங் அமுங்கும். உரசுவது அப்போதுதான்.

ஆகவே நின்றிருக்கும்போது உள்ள இடைவெளியை மட்டும் பார்த்தால் போதாது. முன் சஸ்பென்ஷன் மேல்நோக்கி எவ்வளவு பயணம் செய்து ரப்பர் ஸ்டாப்பில் முட்டும் என்று அளந்து, அதைக் கழியுங்கள். அந்தப் பயணம் 60 மி.மீ. என்றால் 100 மி.மீ. இடைவெளியில் 40 மிஞ்சும். 75-ல் வைத்திருந்தால் மிஞ்சுவது 15. டயர் அமுங்குவதையும் மேடுபள்ளத்தையும் அந்தப் பதினைந்துக்குள் அடக்க முடியாது. முழுதாக அமுங்கிய நிலையிலும் 25 மி.மீ.யாவது மிச்சமிருக்கட்டும்.

இரண்டாம் படி: ஆளை ஏற்றிப் பாருங்கள்

எடை குறைந்த கார் என்பதன் மறுபக்கம் இங்கே தெரியும். 1,200 கிலோ காரில் இரண்டு பேர் ஏறினால், 150 கிலோ என்று வைத்தால், கூடுவது எட்டில் ஒரு பங்கு. 550 கிலோ காரில் அதே இருவர் கால் பங்குக்கு மேலேயே வந்துவிடுவார்கள்! அதுவும் செவனில் இருக்கைகள் பின் ஆக்ஸிலுக்கு முன்னால் ஒட்டியே இருப்பதால் பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரங்களுக்குப் போகிறது. பின்னால் ஒவ்வொரு சக்கரத்திலும் ஸ்பிரிங்கின் கடினம் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்று கொள்ளுங்கள். 150-ல் 100 கிலோ பின்னால் இறங்கினால், பின்பக்கம் சுமார் 25 மி.மீ. அமுங்கும். காலியாக நிற்கும் காரில் அளந்து திருப்திப்படுவதில் பயனில்லை என்பது இதனால்தான். இரண்டு மணல் மூட்டை, பெட்ரோல் டேங்கில் பாதி, அப்புறம் அளவு நாடா.

பின்பக்கம் தாழ்ந்தால் சம்ப் தப்பிக்கும், ஆனால் கியர்பாக்ஸின் வால், சைலன்ஸர் பிராக்கெட், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் அடி ஆகியவை மாட்டிக்கொள்ளும். காரின் மிகத் தாழ்ந்த புள்ளி எது என்று ஊகிக்காமல் தரையில் படுத்துப் பாருங்கள். பல நேரம் அது ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையாகவோ எக்ஸாஸ்ட் கிளாம்ப்பின் முனையாகவோ இருக்கும். கிளாம்ப்பைத் திருப்பிப் போட்டாலே 10 மி.மீ. கிடைக்கும். காசு செலவில்லாத 10 மி.மீ.

மூன்றாம் படி: இன்ஜினை எவ்வளவு தாழ்த்தலாம் என்ற ஆசை

புதியவர்கள் எல்லாரும் இன்ஜினைத் தாழ்த்தத்தான் நினைப்பார்கள். ஈர்ப்பு மையம் கீழே போனால் கார் வளைவில் நன்றாக நிற்கும் என்பது சரிதான். எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 150 கிலோ, ஓட்டுநரோடு கார் 650 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினை 25 மி.மீ. இறக்கினால் மொத்தக் காரின் ஈர்ப்பு மையம் இறங்குவது 150-ஐ 25-ஆல் பெருக்கி 650-ஆல் வகுத்தது, 6 மி.மீ.கூட இல்லை. அந்த ஆறுக்காகச் சம்ப்பின் 25 மி.மீ. இடைவெளியைக் கொடுத்துவிடுகிறோம். இது எனக்கு நல்ல பேரமாகத் தெரியவில்லை. சம்ப் சேஸியின் அடிக்குழாயைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருப்பது செவன் வகையில் சகஜம். அதை 20 மி.மீ.க்குள் அடக்கப் பாருங்கள்.

அடங்கவில்லை என்றால் சம்ப்பை வெட்டிக் குட்டையாக்க வேண்டியதுதான். ஃபோர்டு பின்ட்டோ போன்ற பழைய இன்ஜின்களில் இது வாடிக்கையான வேலை. ஆனால் வெட்டுவதற்கு முன் பெல் ஹவுசிங்கைப் பாருங்கள். ஃப்ளைவீலை மூடியிருக்கும் அந்தக் கிண்ணத்தின் அடி எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்கு மேல் சம்ப்பைக் குட்டையாக்கிப் பயனில்லை; அடி வாங்கப்போவது அப்போது பெல் ஹவுசிங். வெட்டிய சம்ப்பில் ஆயிலை உறிஞ்சும் குழாயையும் அதே அளவு குறைக்க வேண்டும். அதன் வலைக்கும் சம்ப்பின் தரைக்கும் 6 முதல் 10 மி.மீ. வரை இடைவெளி வேண்டும். ஒட்டி வைத்தால் உறிஞ்ச முடியாது, அதிகம் தள்ளி வைத்தால் வளைவில் காற்றை இழுக்கும். களிமண் உருண்டை ஒன்றை வலையின் அடியில் ஒட்டி, சம்ப்பை மாட்டிக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிப்பை அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும்.

உயரத்தில் இழந்த கொள்ளளவைப் பக்கவாட்டில் அகலப்படுத்தி மீட்டுக்கொள்ளுங்கள். உள்ளே தடுப்புத் தகடும் வையுங்கள். மோட்டார் சைக்கிள் இன்ஜின் வைக்கிறவர்களுக்குத் தடுப்புத் தகடு கட்டாயம். பைக் வளைவில் சாய்வதால் அதன் ஆயில் சம்ப்பின் நடுவிலேயே நிற்கும். கார் சாய்வதில்லை. ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, நீண்ட வளைவில் பம்ப் காற்றைக் குடித்துவிடும்.

தகட்டுச் சம்ப்புக்கும் அலுமினிய வார்ப்புச் சம்ப்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அடி பட்டால் தகடு உள்வாங்கும், அலுமினியம் விரிசல் விடும். தகடுதான் நல்லது என்று அவசரப்பட வேண்டாம். உள்வாங்கிய தகடு உறிஞ்சும் குழாயை அடைத்தால், வெளியே ஒரு சொட்டு ஆயில்கூடக் கசியாமல் இன்ஜின் போய்விடும்.

நான்காம் படி: இன்ஜினைத் தொங்கவிட்டு இடம் பார்ப்பது

முழு இன்ஜின் வேண்டாம். காலி பிளாக், ஹெட், சம்ப், பெல் ஹவுசிங், காலி கியர்பாக்ஸ் கூடு போதும். பழுதான இன்ஜின் ஒன்று கிடைத்தால் கையாள எளிது. கிரேனில் தொங்கவிட்டு, அடியில் மரக்கட்டைகளும் மெல்லிய பலகைத் துண்டுகளும் கொடுத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஏற்றி இறக்குங்கள். முன்பின்னாகப் பார்த்தால் இன்ஜின் எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு நல்லது, முன்சக்கரத்தின் பாரம் குறையும். எது தடுக்கும் என்றால், இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பான ஃபயர்வால். ஃபோர்டு ஸெடெக் இன்ஜின் குறுக்காக வைப்பதற்காக உருவானது. அதன் தெர்மோஸ்டாட் கூடு ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் இருக்கிறது. நீளவாக்கில் திருப்பி வைத்தால் அது நேராக ஃபயர்வாலில் இடிக்கும். அதை எடுத்துவிட்டுத் தட்டையான மூடி போட்டுத் தண்ணீர்க் குழாயை வேறு வழியில் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

ஸ்டீயரிங் தண்டு, எக்ஸாஸ்ட், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆயில் ஃபில்டர் எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். மவுன்ட்டில் ரப்பர் இருப்பதால் இன்ஜின் அதன் மேல் ஆடும். ஆகவே அசையாத பொருளிலிருந்து 15 முதல் 20 மி.மீ. தள்ளியிருக்கட்டும். ஸ்டீயரிங் தண்டுக்கு அதற்கும் மேல். ஆயில் ஃபில்டரைக் கையை விட்டுக் கழற்ற முடிகிறதா என்று இப்போதே கழற்றிப் பாருங்கள்.

அடுத்தது சாய்வு. கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும், கோணத்தில் இருந்தாலும் சுழற்சியைக் கடத்தும் யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். ஒரு ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். மறுமுனையில் அதே கோணம் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அதற்குக் கியர்பாக்ஸின் வெளிவரும் அச்சும் டிஃபரன்ஷியலின் உள்வரும் அச்சும் இணையாக இருக்க வேண்டும். ஒரே கோட்டில் இருக்கத் தேவையில்லை, இருக்கவும் கூடாது. கோணமே இல்லாவிட்டால் ஜாயின்ட்டின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று பள்ளம் பறித்துவிடும். 1 முதல் 3 டிகிரி வரை நல்லது.

செவனில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மிகக் குட்டை என்பதுதான் வம்பு. 600 மி.மீ. நீள ஷாஃப்ட்டில் 30 மி.மீ. உயர வித்தியாசம் வந்தாலே 2.9 டிகிரி ஆகிவிடும். இன்ஜினை உயரத்தில் மாற்றிய ஒவ்வொரு முறையும் இந்தக் கோணத்தை மறுபடி அளக்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டுக்கு வழிவிட இன்ஜினைப் பக்கவாட்டில் நகர்த்தியிருந்தால் மேலிருந்து பார்க்கும் கோணமும் சேரும். மேலிருந்து பார்த்தும் பக்கத்திலிருந்து பார்த்தும் தலா 2 டிகிரி என்றால் உண்மையான கோணம் 2.8. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் தரையில் இழுத்த சுண்ணாம்புக் கயிறுமே இதற்குப் போதும். கோணம் காட்டும் டிஜிட்டல் மட்டம் இருந்தால் வேலை சுலபம்.

எம்.எக்ஸ்-5 பாகங்களை வைத்துக் கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காரில் கியர்பாக்ஸின் வாலுக்கென்று தனி மவுன்ட் கிடையாது. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீள அலுமினியச் சட்டம் இணைத்துப் பிடித்திருக்கும். அந்தச் சட்டத்தை விட்டுவிட்டால் கியர்பாக்ஸின் வாலைத் தாங்க ஒரு மவுன்ட்டும், டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும்பாமல் பிடிக்க இன்னொன்றும் நீங்களே செய்ய வேண்டும். முதலாவது எல்லாருக்கும் நினைவிருக்கும். இரண்டாவது மறந்துபோகும்.

ஐந்தாம் படி: மவுன்ட்

இடம் முடிவானபின் மவுன்ட். மூன்று புள்ளி போதும். இன்ஜினின் இரு பக்கமும் ஒவ்வொன்று, கியர்பாக்ஸின் வாலில் ஒன்று. எடையைத் தாங்குவது மவுன்ட்டுக்கு எளிய வேலை. கஷ்டமானது டார்க்கை, அதாவது முறுக்குவிசையைத் தாங்குவது. இன்ஜின் 150 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது, சியராவின் டைப் 9 கியர்பாக்ஸில் முதல் கியர் 3.65 என்று கொள்ளுங்கள். வெளியே போவது 547 நியூட்டன் மீட்டர். அதே அளவு முறுக்கு எதிர்த்திசையில் இன்ஜினைப் புரட்டப் பார்க்கும். பக்க மவுன்ட்டுகள் இரண்டும் 450 மி.மீ. தள்ளி இருந்தால் ஒரு பக்கம் சுமார் 124 கிலோ கீழே அழுத்தும், மறுபக்கம் 124 கிலோ மேலே இழுக்கும். ஒவ்வொரு பக்கமும் தாங்கும் இன்ஜின் எடையோ 60 கிலோ அளவில்தான். ஆக ஒரு மவுன்ட் 60 கிலோவுக்கு மேலான விசையில் பிய்த்துக்கொண்டு எழும்பப் பார்க்கும். கிளட்ச்சைத் திடீரென்று விட்டால் இது இன்னும் கூடும். முன்னிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழலும் இன்ஜின்களில் எழும்புவது காரின் இடப்பக்கம்.

ரப்பர் அழுத்தத்தைத் தாங்கும், பக்கவாட்டு நழுவலையும் ஓரளவு தாங்கும், இழுவிசையில் மட்டும் இரும்போடு ஒட்டிய இடத்தில் பிரிந்துவிடும். 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் ஷெவர்லே வாகனங்களைத் திரும்ப அழைத்தது இதனால்தான். மவுன்ட் ரப்பர் பிரிந்து இன்ஜின் எழும்பும்போது ஆக்ஸிலரேட்டர் இழுபட்டு மாட்டிக்கொண்டது. இன்ஜின் எழும்பாமல் பிடிக்க ஒரு கம்பிக் கயிறு கட்டிக் கொடுத்தார்கள்.

உங்கள் காரில் கயிறு கட்ட வேண்டாம். ரப்பர் முழுதாகக் கிழிந்தாலும் நடுவில் போகும் போல்ட்டும் அகல வாஷரும் இன்ஜினை விடாமல் பிடிக்கும்படியான மவுன்ட்டாக வாங்குங்கள். லோகாஸ்ட் கட்டுகிறவர்கள் லேண்ட் ரோவர் மவுன்ட்டை விரும்புவார்கள். மலிவு, எங்கும் கிடைக்கும். இரு முனையிலும் திருகு மட்டும் இருக்கும் உருளை ரப்பரைச் செங்குத்தாக வைத்து இன்ஜினைத் தொங்கவிடாதீர்கள்.

பிராக்கெட்டுக்கு 4 மி.மீ. தகடு, வளையும் இடத்தில் முக்கோணத் தகடு. சேஸிக் குழாயின் சுவர் 1.6 மி.மீ. தடிப்புதான். ஒரு குழாயின் நடுவில் பிராக்கெட்டை ஒட்டினால் குழாய்ச் சுவரே கிழியும். இரண்டு மூன்று குழாய்கள் கூடும் முடிச்சுக்குப் பக்கத்தில், மேல் குழாய்க்கும் கீழ்க் குழாய்க்கும் பாரம் பிரிகிற மாதிரி வையுங்கள். குழாயைத் துளைத்துப் போல்ட் போட்டால் உள்ளே ஒரு சிறு குழாய் நுழைத்து வெல்டு செய்யாமல் இறுக்கக் கூடாது, சதுரக் குழாய் நசுங்கும்.

எல்லா எடையும் ஏறியபின் ரப்பர் 2 முதல் 4 மி.மீ. அமுங்கும். காலி பிளாக்கை வைத்து இடம் பார்த்திருந்தால் அந்த அளவு மேலே தூக்கி டாக் வெல்டு (இடம் பிடிக்கச் சிறு பொட்டு வெல்டு) வையுங்கள். டாக் வைத்ததும் ரப்பரைக் கழற்றி, அதே உயரத்தில் இரும்புத் துண்டு ஒன்றை வைத்துவிட்டு முழு வெல்டு செய்யுங்கள். ரப்பரோடு வெல்டு செய்தால் சூட்டில் அதன் ஒட்டு போய்விடும், வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும்.

ரப்பரே வேண்டாம், நேராக போல்ட் போட்டு இறுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ரேஸ் காரில் செய்கிறார்கள். சாலைக் காரில் நாலு சிலிண்டர் அதிர்வு முழுதும் மெல்லிய குழாய்களுக்குப் போய், ரேடியேட்டர் தையலிலும் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டிலும் விரிசலாக வெளிப்படும். சேஸி முறுக்கும்போது கியர்பாக்ஸின் காது உடைவதும் உண்டு.

இன்ஜின் ரப்பரில் உட்கார்ந்தால் மின்சாரமும் தடைபடும். பிளாக்கிலிருந்து சேஸிக்குத் தடித்த எர்த் கேபிள் ஒன்று போட மறந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கரன்ட் கிளட்ச் கேபிள் வழியாகவோ ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவோ திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகிப் புகையும். எக்ஸாஸ்ட் பக்கத்து மவுன்ட்டுக்கு ஒரு தகட்டு மறைப்பும் வேண்டும். பெட்ரோல் குழாய், தண்ணீர்க் குழாய், சைலன்ஸர் பிடிப்பு எல்லாம் இன்ஜினோடு சேர்ந்து ஆடக்கூடியவையாக இருக்கட்டும்.

ஓட்டிப் பார்த்தபின்

முதல் ஓட்டத்துக்கு முன் முன்பக்க ஷாக் அப்சார்பர் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைச் சுற்றிக் கீழே தள்ளிவிடுங்கள். ஓட்டி வந்தபின் அது எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் சஸ்பென்ஷன் உண்மையில் பயன்படுத்திய தூரம் தெரியும். சம்ப்பின் அடியிலும் இன்ஜினுக்குப் பக்கத்துக் குழாய்களிலும் வெள்ளைப் பெயின்ட் கொஞ்சம் தடவி வையுங்கள். எது எங்கே உரசுகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். நூறு மைல் ஓடியதும் மவுன்ட் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். ரப்பர் உட்கார்ந்து சில போல்ட்டுகள் தளர்ந்திருக்கும்.

சம்ப் உரசியிருந்தால் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் தட்டைத் திருகி முன்பக்கத்தை 10, 15 மி.மீ. தூக்கலாம், பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் அந்தத் திருகலில் முன்சக்கரங்களின் கேம்பரும் (முன்னிருந்து பார்க்கும் சாய்வு) டோவும் (மேலிருந்து பார்க்கும் திருப்பம்) மாறிவிடும். மணல் மூட்டைகளை மறுபடி ஏற்றி, அலைன்மென்ட் பார்த்துவிட்டு வண்டியை வெளியே எடுங்கள்.